அம்மனை வலமாக, வீட்டுக்காரியை இடமாக

அந்தக் குதிரைக்கு இடக்கால் முந்தாது என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். அது முந்தாமல் போனதற்குக் காரணமே நான்தான் என்று கண்டுபிடித்தவள் என் வீட்டுக்காரி. இரண்டாவதை ஊரில் பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முதலாவது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. இருக்கட்டும்.

ஆவடியில் பட்டாளம் வந்து இறங்குவதற்கு முந்திய காலம் அது. எங்கள் பக்கமெல்லாம் ஏரியும் வயலும் கருவேலங்காடும்தான். பருத்திப்பட்டில் ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் நான் குதிரைக்காரன். அம்பத்தூரிலிருந்து குத்தம்பாக்கம் வரைக்கும் பிரசவம், பாம்புக்கடி, காலரா என்று எது வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சைக்கிள் வாங்கிப் பார்த்தார். ஒரே வாரத்தில் கருவேல முள் அதன் கதையை முடித்துவிட்டது. அப்புறம்தான் அந்தப் பெண்குதிரையை வாங்கினார். செம்பழுப்பு நிறம், பின்னங்கால் இரண்டிலும் வெள்ளை. வரும்போது அதற்கு மூன்று வயசு, முதுகில் துணிகூடப் போட்டதில்லை. பழக்கியது முழுக்க நான். அதற்குப் பேர் வைக்கவில்லை. "அம்மாடி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பழக்கத்தில் 'அது' போய் 'அவள்' ஆகிவிட்டாள்.

நான் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. பரங்கிமலையில் துரைமார் குதிரைக் கொட்டிலில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. யாராவது குதிரையைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், "பரங்கிமலையில..." என்று ஆரம்பித்துவிடுவேன். எதிரே இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

குதிரை நடக்கும், ஓடும், பாயும் என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே ஒன்று உண்டு. துரைமார் அதைக் கேண்டர் என்பார்கள். தொட்டிலில் உட்கார்ந்த சுகம் அது. அந்த நடையில் முன்கால் இரண்டும் ஒன்றுபோல விழாது. ஒரு கால் மற்றதைவிட முந்திப் போய் விழும். வலப்பக்கம் வளைந்தால் வலக்கால் முந்த வேண்டும், இடப்பக்கம் வளைந்தால் இடக்கால். மாறிப் போனால் தன் காலே தனக்குத் தட்டும். பாதை முதலில் வலமாகவும் உடனே இடமாகவும் வளைந்தால், நிற்காமல், போகிற போக்கிலேயே குதிரை காலை மாற்றிக்கொள்ள வேண்டும். தெரியாத குதிரை தடுமாறும். மேலே இருப்பவர் கீழே வருவார்.

டாக்டர் கீழே வந்தார். முதல் தடவை பருத்திப்பட்டு ஏரிக்கரையில், மதகுக்குப் பக்கத்துத் திருப்பத்தில். சேற்றில் விழுந்ததால் அடியில்லை. எழுந்து சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். "ஐயா நெல் மூட்டையாட்டம் உக்காந்தா குதிரை இன்னா பண்ணும்?" என்று நான் கேட்டேன். அவர் அதற்கும் சிரித்தார். இரண்டாவது தடவை குத்தம்பாக்கத்துக்குப் போகிற வண்டிப்பாதையில். இந்தத் தடவை இடது மணிக்கட்டு முறிந்துபோனது. ஊருக்கெல்லாம் கட்டுப் போடுகிறவர், தன் கைக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளப் பட்டணத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

டாக்டரின் சம்சாரம் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே குதிரையைப் பிடிக்காது. கழுத்தில் கெட்ட சுழி இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். குதிரை என்றுகூடச் சொல்ல மாட்டார், "அந்தச் சனியன்" என்பார்.

"கைக்கட்டு அவுக்கிற வரைக்கும் அந்தச் சனியன் இங்க இருக்கட்டும். அப்புறம் என் கண்ணு முன்னாடி அது ஏரிக்கரையைச் சுத்தி வரணும். ஒரு தடவை தடுக்கினாலும் பூந்தமல்லி ஜட்கா ஸ்டாண்டுக்கு ஓட்டிட்டுப் போயிடு" என்றார் என்னிடம்.

ஜட்காக்காரர் ஒருவர் மறுநாளே வந்து குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டுப் போனார்.  பூந்தமல்லி ஸ்டாண்டுக் குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு மறைப்பு, முதுகெல்லாம் புண், ஆறு பேர் ஏறிய வண்டி. என் கையில் வெல்லம் தின்று வளர்ந்தவள் அங்கே போய் நிற்பதா? அன்று நான் சாப்பிடவில்லை. வீட்டுக்காரி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என் சோற்றையும் சேர்த்துத் தானே சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் குதிரையை ஏரிக்குள் ஓட்டிப் போனேன். சித்திரை மாசம், ஏரி பாதிக்கு மேல் வற்றி, தரை மெத்தென்று காய்ந்து கிடந்தது. நானே ஏறி, கேண்டரில் விட்டு, முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் திருப்பினேன். ஐயோ! இரண்டு கால்களும் பின்னிக்கொண்டன. பரங்கிமலையில் ஆறு வருஷம் இருந்த நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். இறங்கிக் குளம்படிகளைப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும் முந்தி விழுந்தது வலக்கால். எங்கேயும் வலக்கால்தான். இடக்கால் ஓரிடத்தில்கூட முந்தவில்லை.

டாக்டர் நெல் மூட்டை இல்லை. குற்றம் அவர் மேல் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் ஏன் இப்படி? காலில் வீக்கம் இல்லை, லாடம் சரியாக இருக்கிறது, நொண்டல் இல்லை.

யோசித்துக்கொண்டே குதிரையோடு கோவில்பதாகைப் பக்கம் போனேன். அங்கே ஊர் ஓரத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. நான் அவளை இரண்டு வருஷம் பழக்கியது அங்கேதான். நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவேன். நல்ல நிழல், மெத்தென்ற மண், பக்கத்திலேயே கிணறு. மரத்தின் கீழே குளம்பு பட்டுத் தேய்ந்த தரை வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டு நிற்கையில், வீட்டுக்காரி கூழ்ச்சட்டியோடு வந்தாள்.

"இன்னாய்யா, காணாம போனத தேடற மாதிரி நிக்கிற?"

"இவளுக்கு இந்தப் பக்கம் ஓடவே தெரியலமே. இடக்கால் வரவே மாட்டேங்குது."

"எப்படி வரும்? நீ என்னிக்காவது அந்தப் பக்கம் சுத்த உட்டியா?"

"ஏன் உடாம?"

"உட்டியான்னு கேட்டேன்."

நான் மரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.  வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று இருந்தது. அம்மன். எங்கள் ஊரில் யாரும் அந்தக் கல்லை இடமாகச் சுற்ற மாட்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள்கூட ஆட்டை வலப்பக்கமாகத்தான் ஓட்டிப் போவார்கள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் யோசித்ததில்லை. காலையில் கயிற்றை எடுப்பேன், என் கால் தானாக வலப்பக்கம் திரும்பும், குதிரையும் திரும்பும். பரங்கிமலையில் ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஓடவிடுவோம். அங்கே வட்டத்துக்கு நடுவில் சாமி இல்லை.

ரெண்டு வருஷமாக நான் குதிரை பழக்கவில்லை. குதிரைக்குப் பிரதட்சிணம் பண்ணக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்!

வீட்டுக்காரி கூழ்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "சிரிக்காதமே. இப்பவே சுத்திக் காட்டறேன் பாரு" என்று கயிற்றைப் பிடித்து இடப்பக்கம் ஓரடி வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ரெண்டாவது அடி வரவில்லை. வீட்டுக்காரி வந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். "குதிரைக்காகப் பாத்துட்டு ஊட்டுக்கு அம்மைய கூட்டிகினு வராத" என்றாள். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் வீட்டுக்காரியையும் மரத்தையும் சேர்த்துத் திட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் வற்றிய ஏரிக்குள் வெட்டவெளியில் ஒரு முளைக்குச்சி அடித்தேன். சுற்றிலும் மரமில்லை, கல்லில்லை, சாமியில்லை. இனிமேல் எந்தப் பக்கம் சுற்றினால் யாருக்கென்ன? முதல் நாள் அவள் முரண்டு பிடித்தாள். இடப்பக்கம் தள்ளினால் முகத்தைத் திருப்பி, சுழன்று, வலப்பக்கம் வந்து நின்றாள். அவளுக்கும் பக்தி அதிகம். இரண்டாவது நாள் இடமாக நடந்தாள். மூன்றாவது நாள் ஓடினாள். நான்காவது நாள் போய்ப் பார்க்கிறேன், முளைக்குச்சிக்கு மஞ்சள் பூசியிருக்கிறது. குங்குமம் வைத்திருக்கிறது. பக்கத்தில் அரளிப்பூ.

யார் வேலை என்று கேட்க வேண்டுமா? நேரே வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"நான்தான் வெச்சேன்" என்றாள் கொஞ்சமும் அசராமல். "டாக்டருக்கு மணிக்கட்டு போச்சு. உனக்குக் கழுத்து போனா எனக்கு யாரு கீறாங்க? நீ உருண்டு உளுந்தா காப்பாத்தட்டும்னுதான் வெச்சேன்."

"அடிப்பாவி! இப்ப அத எப்டி இடமா சுத்துவேன்?"

அவள் அதை யோசிக்கவில்லை. முகம் சுண்டிப் போயிற்று. பிறகு இருவரும் சேர்ந்து வேறொரு குச்சி அடித்தோம், நூறடி தள்ளி. இரண்டு நாளில் அந்தக் குச்சிக்கும் மஞ்சள். இந்தத் தடவை அவள் இல்லை. ஏரிக்குள் விறகு பொறுக்க வருகிற பெண்கள் முதல் குச்சியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இரண்டாவதை மட்டும் சும்மா விட்டால் குற்றமாகிவிடும் என்று அதற்கும் வைத்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒன்று அடித்திருந்தால் ஏரிக்குள் திருவிழாவே நடத்தியிருப்பார்கள். இரண்டாவது குச்சியை நான் பிடுங்கவும் முடியாமல் விட்டுவைக்கவும் முடியாமல் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டாக்டருக்குக் கட்டு அவிழ்க்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"குச்சி வோணாம்யா. நடுவுல நான் நிக்கிறேன். என்ன இடமா சுத்தினா எந்தச் சாமிக்கும் கோவம் வராது. எனக்கு எவனும் குங்குமம் வெச்சிட்டுப் போவமாட்டான். வெச்சா நீதான் வெக்கணும்."

இப்படியும் ஒரு பெண்டாட்டி! அங்கேயே அவளைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. எந்தப் பக்கமாக என்று கேட்காதீர்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஏரி நடுவில் அவள் நிற்பாள். கயிறு அவள் கையில். குதிரை மேல் நான். அவளை இடமாகச் சுற்றுவோம். முதல் நாளே குதிரை இழுத்த இழுப்பில் அவள் பத்தடி தூரம் ஓடினாள். நின்றதும் குதிரையை அவள் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை எழுத முடியாது. காதை மடக்கிக்கொண்டு குதிரை கேட்டுக்கொண்டது. அப்புறம் மடியிலிருந்து வெல்லத்தை எடுத்து அவளே கொடுத்தாள்.

ஒன்பதாவது நாள் இடக்கால் முந்தியது. என் தொடையில் அது தெரிந்துவிட்டது, குனிந்து பார்க்கவே தேவையில்லை. அதுவரை என்னை வெளியே தள்ளிக்கொண்டிருந்த முதுகு, திடீரென்று எனக்கு அடியில் வந்து சேர்ந்தது. "வந்துச்சிமே! வந்துச்சி!" என்று கத்தினேன். "இன்னா வந்துச்சி?" என்று பயந்துபோய்க் கேட்டாள். பாம்பு வந்தது என்று நினைத்துக்கொண்டாளாம்.

இனி காலை மாற்றக் கற்றுக் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வட்டம் வேண்டும், எட்டு என்று எழுதியதுபோல, ஒன்று வலம், மற்றது இடம். ஒரு வட்டத்துக்கு நடுவில் என் வீட்டுக்காரி. இன்னொன்றுக்கு? மஞ்சள் பூசிய முதல் குச்சிதான் தயாராக நிற்கிறதே! கயிற்றை அவிழ்த்துவிட்டு, குச்சியிலிருந்து ஒரு வட்டத்தின் தூரத்தில் அவளை நிறுத்தினேன். அம்மனை வலமாகச் சுற்றி வந்து, நடுவில் காலை மாற்றி, வீட்டுக்காரியை இடமாகச் சுற்ற வேண்டும். இருவருக்கும் குறையில்லை.

முதலில் நடுவில் வரும்போது ஓட்டத்துக்கு இறக்கி, நாலடி ஓடவிட்டு, மறுபடி கேண்டரில் ஏற்றுவேன். நாலடி மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. அதற்கு மேல் குறையவில்லை. ஓட்டத்துக்கு இறக்காமல் நான் குதிகாலால் சொல்வேன், அவள் காதை ஆட்டுவாள், காலை மாற்ற மாட்டாள். முன்கால் மாறினால் பின்கால் மாறாது. ஐந்து நாள் இப்படியே போயிற்று. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நாள் சாட்டையை ஓங்கிவிட்டேன்.

"அடிச்சிப் பாரு, அப்புறம் உன்னிய நான் இன்னா பண்றேன்னு பாரு" என்றாள் வீட்டுக்காரி, நின்ற இடத்திலிருந்தே. சாட்டையை வீசி எறிந்தேன். அது கரையோரம் கிடந்த ஒரு பனந்துண்டின் மேல் போய் விழுந்தது. எடுக்கப் போனவன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கால் உயரம்கூட இல்லை. இதைத் தாண்டினால் நாலு காலும் தரையை விட்டு எழும்பும். எழும்பியிருக்கும்போது மாற்றுவது சுலபமாயிற்றே! இருவருமாக அதை உருட்டிக்கொண்டு வந்து இரண்டு வட்டமும் சேருகிற இடத்தில் போட்டோம்.

என்னைச் சுமந்துகொண்டு அம்மனைச் சுற்றி வந்தாள். பனந்துண்டைப் பார்த்தாள். காதை நிமிர்த்தினாள். நான் உடம்பை இடப்பக்கம் சாய்த்து வலது குதிகாலால் தொட்டேன். துள்ளினாள். மேலே போனது ஒரு குதிரை, கீழே வந்து இறங்கியது வேறொரு குதிரை. இடக்கால் முந்த, தாளம் தப்பாமல், வீட்டுக்காரியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் சிரிக்கிறேன், அழுகிறேன், எனக்கே தெரியவில்லை. வீட்டுக்காரி நின்ற இடத்திலேயே குதித்தாள். அந்த வாரக் கடைசியில் பனந்துண்டை எடுத்துவிட்டோம். துண்டு இல்லாமலும் மாற்றினாள்.

கட்டு அவிழ்த்த மறுநாள் காலை ஏரிக்கரையில் எல்லோரும் கூடினோம். டாக்டரின் சம்சாரம் மாட்டுவண்டியில் வந்து கரைமேலேயே வண்டியை நிறுத்திக்கொண்டார். புருஷன் விழுந்து எழுந்தால் சுற்றிப்போட என்று கல்லுப்பும் மிளகாயும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தார். ஏரிக்கரை முதலில் வலமாக வளையும், மதகிடம் வந்ததும் சட்டென்று இடமாகத் திரும்பும். டாக்டர் முதலில் விழுந்த அதே இடம்.

டாக்டர் ஏறினார். கேண்டரில் விட்டார். வலமாக வளைந்தாள், அழகு. மதகு வந்தது. ஒரே எட்டில் காலை மாற்றினாள், இடமாகத் திரும்பினாள், டாக்டர் குலுங்கக்கூட இல்லை. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. ஏனென்றால் மதகின் உள்பக்கம், திருப்பத்துக்குச் சரியாக நடுவில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரி நின்றாள். வேடிக்கை பார்க்க வந்தவள்தான். ஆனால் குதிரை பார்த்தது யாரை? மதகையா, அவளையா?

டாக்டர் குத்தம்பாக்கத்துக்குத் தனியாகப் போகிறவர். ஒவ்வொரு திருப்பத்திலும் என் வீட்டுக்காரி நிற்க முடியுமா? விழுந்தால் இந்தத் தடவை மணிக்கட்டோடு போகும் என்று என்ன நிச்சயம்? பேசாமல் இருந்தால் குதிரை எனக்கு மிஞ்சும். பேசினால் ஒருவேளை பூந்தமல்லி. கால் நிமிஷம் நின்றேன். அந்தக் கால் நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வேர்க்கிறது.

"ஐயா, இன்னொரு தபா போய்ட்டு வாங்க. இவ அங்க நிக்கக்கூடாது" என்றேன்.

வீட்டுக்காரி வேகமாக வந்து என் இடுப்பில் கிள்ளினாள். "வாய மூடிகினு இருக்க மாட்டியா? அதான் ஓடிச்சே!"

"உன்னப் பாத்து ஓடிச்சோ இன்னாவோமே."

அவள் என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, கரைக்கு அந்தப் பக்கம் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பப் போய், மறுபடி வந்தார். வலமாக வளைந்தாள். மதகு நெருங்கியது. அவள் இரண்டு காதும் முன்னால் போயின. நான் நினைத்தது சரி, வீட்டுக்காரியைத் தேடுகிறாள். உள்பக்கம் யாருமில்லை. காது ஒன்று பின்னால் வந்தது, டாக்டர் பக்கம். டாக்டர் லேசாகச் சாய்ந்தார், குதிகாலால் தொட்டார். 

மாற்றினாள். என் தாயே, மாற்றினாள்! இடக்கால் முந்தி விழுந்து மண் தெறித்ததை நான் கண்ணால் பார்த்தேன். வெறும் திருப்பத்தை இடமாகச் சுற்றிக்கொண்டு, யாரும் நிற்காத இடத்தைத் தாண்டி, மாட்டுவண்டிக்கு நேராக வந்து நின்றாள். நான் கரையிலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு அழுதேன். கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னாய்யா ஆச்சு? எய்ந்து வரலாமா, வோணாமா?" என்று வீட்டுக்காரி கத்திக்கொண்டே இருந்தாள். 

டாக்டரின் சம்சாரம் வண்டியிலிருந்து இறங்கினார். முந்தானையை அவிழ்த்து உப்பையும் மிளகாயையும் கையில் எடுத்தார். புருஷனுக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் குதிரையின் முகத்துக்கு நேராகப் போய் நின்றார். அவரே பயந்த அந்தச் சுழிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், மூன்று தரம் வலமாகச் சுற்றினார், பிறகு மூன்று தரம் இடமாகச் சுற்றினார். குதிரை அசையாமல் நின்று அந்தக் கையை இரண்டு பக்கமும் கண்ணால் தொடர்ந்தது.

உப்பையும் மிளகாயையும் ஏரித் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து அந்தம்மா என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா அழுதுகிட்டே உக்காந்திருக்க? நம்ம குதிரைக்குத் தண்ணி காட்டி, வீட்டுக்கு ஓட்டிட்டு வா" என்றார்.